கிளியரன்ஸ் பன்னிரண்டு

வளைகுடாவில் கிளியரன்ஸ் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று அப்துல் ஹாதி பதினான்கு வருஷமாக நம்பியிருந்தார். அது வட்டமாக இருக்கும், நீல மையில் இருக்கும், ஓரத்தில் யாராவது கிறுக்கியிருப்பார்கள். கண்டெய்னர் துறைமுகத்தை விட்டு வெளியே வர ஒரு கிளியரன்ஸ், ஆள் விசா முடித்து ஊருக்குப் போக ஒரு கிளியரன்ஸ், செத்துப்போனவரைப் பெட்டியில் வைத்து அனுப்ப ஒரு கிளியரன்ஸ். எல்லாவற்றையும் வாங்கி வருகிறவர் அவர். அஜ்மானில் அந்தக் கட்டடக் கம்பெனியில் முந்நூறு பேர் வேலை செய்தார்கள். அதில் பாதிப் பேருக்கு மேனேஜர் பெயர் தெரியாது, ஆனால் 'கிளியரன்ஸ் பாய்' என்றால் கேம்ப் சமையல்காரருக்குக்கூடத் தெரியும். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைக்க அவர் மெனக்கெட்டதும் இல்லை.

ஊராருக்கெல்லாம் காகிதம் வாங்கிக் கொடுத்தவரின் சொந்தக் காகிதம் மட்டும் கோணலாகவே கிடந்தது. அவர் தொண்டியிலிருந்து வந்த வருஷம் கம்பெனியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு தச்சர் விசா. வந்தால் போதும் என்று அதில் ஏறி வந்துவிட்டார். லேபர் கார்டில் அரபியில் 'நஜ்ஜார்' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள், அதாவது தச்சன். உளியில் எது முன் எது பின் என்று தெரியாத தச்சன். கார்டில் இருப்பதை விட்டு வேறு வேலை செய்வது குற்றம் என்று அடுத்தவர்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிறவரும் அவரேதான்.

தச்சன் பெயரில் குடும்ப விசா கிடைக்காது, கிளார்க் என்றால் கிடைக்கும். அதனால் பெண்சாதி ரம்ஸியாவும் மகள் மாஹிராவும் தொண்டியில், இவர் அஜ்மானில் நான்கு கட்டில் போட்ட ரூமில். தொழிலை மாற்றும் படிவத்தில் கஃபீல் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கம்பெனி லைசென்ஸும் எல்லாருடைய விசாவும் யார் பெயரில் இருக்கிறதோ அந்த உள்ளூர்க்காரர்தான் கஃபீல். பெயர் அபூ மாஜித். எல்லாரும் அர்பாப், அதாவது முதலாளி, என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆபீசுக்கு வந்து காவா என்கிற அரபுக் காப்பி குடித்துவிட்டுப் போவார். அந்த இரண்டு தடவையும் ஹாதி ஏதாவது ஒரு வரிசையில் யாருக்காகவோ நின்றுகொண்டிருப்பார்.

இந்த அர்பாபுக்குத்தான் 2005 டிசம்பரில் குளிர ஆரம்பித்தது. மசாஃபி தாண்டி மலைக்குள்ளே கல்லால் ஒரு வீடு கட்டியிருந்தார். இளவயதில் இங்கிலாந்தில் படித்தபோது தங்கியிருந்த வீட்டில் விறகு எரியும் கணப்பு ஒன்று இருந்ததாம். அறுபது வருஷம் வெயிலில் வெந்த மனிதருக்கு அந்தக் கணப்பு இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. கல்லில் அடுப்பு மாடமும் புகைபோக்கியும் எழும்பின. மாடத்துக்குள் செருகி வைக்க, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இரும்புப் பெட்டி கப்பலில் வந்தது. அதற்கு மேலே குறுக்காக வைக்கும் கட்டைக்கு மேன்டல் என்று பெயர். அர்பாப் அதற்கென்று வைத்திருந்தது, புஜைரா கரையில் உடைத்த தன் தகப்பனாருடைய மரக்கலத்தின் தேக்கு உத்தரம்.

மேனேஜர் சீதாராமன் அப்போது தோஹா தொழில்பேட்டையில் கம்பெனியின் இன்னொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். மலை வீட்டை அவர் போனிலேயே கட்டினார்.

"ஹாதி, அடுப்பு வந்தாச்சு இல்ல? ஒண்ணு முக்கியம். அடுப்பு கட்டற உடையப்பன்ட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. மேன்டல் மரம் இல்லையா, அதனால மேன்டல் கிளியரன்ஸ் இல்லாம அடுப்பைப் பத்த வைக்கவே கூடாது. மினிமம் பன்னெண்டு வேணும்."

ஹாதி டைரியில் எழுதிக்கொண்டார். மேன்டல் கிளியரன்ஸ், மினிமம் பன்னிரண்டு.

"உடையப்பனுக்கு எதுக்கு சார் இந்தத் தொல்ல? கிளியரன்ஸ்னா அது நம்ம வேலைல்ல. நானே பாத்துக்கிர்றேன்."

"ரொம்ப நல்லது. அடுத்த வியாழக்கிழமை அர்பாப் வீட்ல விருந்து. அன்னிக்கி அடுப்பு எரிஞ்சு அவர் மனசு குளிர்ந்துதுன்னா, ஹேண்டோவர் பைலோட உங்க படிவத்தையும் வச்சுடலாம். எல்லாத்துலயும் ஒரே மூச்சில கையெழுத்துப் போட்டுடுவார்."

அன்று சாயங்காலமே ஹாதி தொண்டிக்குப் போன் போட்டார். ரம்ஸியா எதையும் லேசில் நம்புகிற பெண் இல்லை.

"நெசமாவா மச்சான்? போன தடவையும் இப்புடித்தான் சொன்னிய."

"போன தடவ அர்பாப் கையில பேனா இல்ல. இந்தத் தடவ இருக்கும்."

"அப்ப பள்ளிக்கூடத்துல மாஹிராவுக்கு டி.சி. வாங்கிரட்டுமா? அரப்பரிச்சைக்கு முன்னாடி கேட்டாத்தான் குடுப்பாக."

"வாங்கிரு" என்றார் ஹாதி.

மரத்துக்கு என்ன கிளியரன்ஸ் இருக்க முடியும் என்று அவர் வெகுநேரம் யோசிக்கவில்லை. எந்த மரம் துறைமுகத்துக்குள் வந்தாலும் பூச்சி இல்லை என்று புகை போட்டு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். பழைய படகுக் கட்டை என்றால் கேட்கவே வேண்டாம். ஷார்ஜாவில் அந்த வேலை செய்கிற ஒரு சின்னக் கம்பெனி, அதன் கவுண்டரில் லுக்மான் என்று கீழக்கரைக்காரர் ஒருவர். அவர்கள் ஆள் வந்து உத்தரத்தைத் தார்ப்பாயில் மூடி, ஒரு நாள் முழுக்கப் புகை போட்டு, தும்மிக்கொண்டே திரும்பிப் போனான்.

"பழைய கட்டைக்கு ஆறு மாசம்தான் போடுவோம் பாய்" என்றார் லுக்மான்.

"பன்னெண்டு போடுங்க."

"எதுக்கு? ஆறு போதுமே. வீட்டுக்குள்ள கெடக்கப் போற கட்டைதான?"

"மேலிடத்து உத்தரவு. மினிமம் பன்னெண்டு."

"ஆறு போதும் பாய். சொன்னா கேளுங்க."

ஹாதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பால் விடாத சுலைமானி டீ இரண்டு குடித்தார். லுக்மானின் தம்பி பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு நின்றபோது எக்சிட் காகிதம் வாங்கிக் கொடுத்தது யார் என்று பேச்சுவாக்கில் விசாரித்தார். லுக்மான் பெருமூச்சு விட்டு, "ஆறே போதும்" என்று மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு என்று அடித்துக் கொடுத்தார். தேக்குக் கட்டை ஒன்று, புழு பூச்சி கரையான் இல்லை, பன்னிரண்டு மாதங்களுக்குச் செல்லும். ஒன்றுக்கு மூன்று சீல். ஹாதி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

உடையப்பன் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். தச்சு வேலையும் தெரியும், கொத்து வேலையும் தெரியும். அவருடைய கார்டில் 'சமையல்காரர்' என்று போட்டிருந்தது. அது கம்பெனியின் வழக்கம். இரும்புப் பெட்டியை மாடத்துக்குள் தள்ளி, அதன் தலையிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை எஃகுக் குழாய் இறக்கி, சுற்றிலும் கல் பதித்து, முன்னால் தரையில் ஒரு முழத்துக்குக் கருங்கல் போட்டு எல்லாவற்றையும் குறை சொல்ல முடியாதபடி செய்திருந்தார். உத்தரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தயங்கினார். அர்பாப் தரையில் மெத்தை போட்டுச் சாய்கிறவர். உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டிக் காவாக் கிண்ணத்தை வைக்கிற உயரத்தில் அது வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த உயரம் இரும்புப் பெட்டியின் தலைக்கு மேலே நாலு விரல்கடை.

"இம்புட்டுத் தாழ வைக்கலாமா பாய்? அடியில அடுப்புல்ல இருக்கு."

ஹாதி பிளாஸ்டிக் உறையை நீட்டினார். "மேன்டல் கிளியரன்ஸ். சீதாராமன் சார் கேட்டது. வந்துருச்சு."

உடையப்பனுக்கு அதில் இருந்த அரபியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. ஆனால் சீலை எண்ணத் தெரியும்.

"மூணு குத்தியிருக்காக" என்றார் மரியாதையோடு. "அப்பறம் நமக்கென்ன." உத்தரம் அர்பாப் கேட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்தது.

அன்றே தோஹாவிலிருந்து போன். "ஹாதி, மேன்டல் கிளியரன்ஸ் இருக்கா?"

"இருக்கு சார்."

"பன்னெண்டு?"

"கரெக்டா பன்னெண்டு. ஆறுதான் தர முடியும்னாக. விடுவனா? ஒக்காந்து பேசி வாங்கிப்புட்டேன்."

"ஆறா? ஆறெல்லாம் காணவே காணாது. நல்லவேளை நீங்க இருந்தீங்க. சரி, ட்ரையல் பாத்துடுங்க."

இருவரும் திருப்தியோடு போனை வைத்தார்கள். ஒரே விஷயத்தைத்தான் பேசினோம் என்பதில் அவர்களுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு முதல் நெருப்பு. அர்பாப் மெத்தையில் சாய்ந்திருந்தார். கருவேல விறகு நாலு துண்டு. கண்ணாடிக்குள் தீ எழுந்தது, புகை குழாயைத் தேடிப் பிடித்து மேலே போனது, அறைக்குள் ஓர் இழைப் புகைகூட வரவில்லை. உடையப்பன் கைகட்டி நின்றார். ஹாதி சான்றிதழை உத்தரத்தின் மேலே எல்லார் கண்ணிலும் படும்படி சாய்த்து வைத்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து அறையில் ஒரு வாடை கிளம்பியது. மீன் வறுக்கிற வாடை, ஆனால் பழையது, கசப்பானது. உடையப்பன் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அர்பாப் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார். "என் தகப்பனார் படகு" என்றார் அரபியும் இந்தியும் கலந்து. "ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் அதே வாசனை." அவர் கண் கலங்கிவிட்டது.

தொண்டிக்காரருக்கு அந்த வாடை என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மரக்கலத்துக் கட்டை தண்ணீரில் ஊறாமலிருக்க வருஷா வருஷம் சுறா எண்ணெயைக் காய்ச்சிப் பூசுவார்கள். ஒரு படகு உடைகிற வயதில் அதன் மரத்துக்குள் குடம் குடமாக எண்ணெய் இறங்கியிருக்கும். ஹாதி குனிந்து பார்த்தார். உத்தரத்தின் அடிப்பக்கத்தில் எண்ணெய் முத்து முத்தாக வேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டைத் தொட்டவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சூட்டில் பொத்துவிட்டது.

அர்பாப் அந்த நேரத்தில் மிகச் சந்தோஷமாக இருந்தார். வியாழக்கிழமை மகன்களும் மகள்களும் வருகிறார்கள், பேரப்பிள்ளைகள் ஏழு பேர், அன்றைக்கு நாள் முழுக்க அடுப்பு எரியட்டும், விறகு இரண்டு மடங்கு போடு என்றார். ஹாதி தலையாட்டினார். நல்ல சேதி சொல்லிக்கொண்டிருக்கிற அர்பாபின் பேச்சை வெட்டிப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

பிக்கப்பில் திரும்பும்போது அடுப்போடு வந்த புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினார். அதுவரை அதை அவர் திறந்ததில்லை. சுங்கத்தில் காட்டத்தான் வைத்திருந்தார். பதினோராம் பக்கத்தில் படம் போட்டிருந்தது. கீழே இரும்புப் பெட்டி, மேலே மேன்டல், நடுவே இரண்டு பக்கமும் கூர் வைத்த ஓர் அம்பு. அம்பின் பக்கத்தில் 'கிளியரன்ஸ்' என்றும், 'குறைந்தது பன்னிரண்டு அங்குலம்' என்றும் எழுதியிருந்தது. படத்தில் ஆபீஸ் இல்லை, கவுண்டர் இல்லை, சீல் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதற்குப் பெயர்தான் கிளியரன்ஸ் என்று, அதையே தொழிலாக வைத்திருந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே சின்ன எழுத்தில், மரம் முதல் நாளே பற்றாது, காய்ந்து காய்ந்து எதிர்பாராத நாளில் பற்றும் என்றும் போட்டிருந்தது. எண்ணெயில் ஊறிய மரத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. எழுதியவருக்கு அப்படி ஒரு மடத்தனம் தோன்றியிருக்காது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உடையப்பனிடம் அம்புக்குறியைக் காட்டினார்.

"கட்டைய மேல தூக்கணும் உடையப்பா."

"இப்பவா? கிளியரன்ஸ் குடுத்ததே நீங்கதான பாய்."

"அது பூச்சிக்குக் குடுத்தது."

உடையப்பன் கியரை மாற்றினார். "சீதாராமன் சார் சொல்லாம நான் தொட மாட்டேன். அர்பாப் வச்ச எடம், மூணு சீல் குத்துன காயிதம். என்னைய ஏன் வம்புல மாட்டி விடுறிய?"

ஹாதிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. காகிதத்தை நம்பு என்று கம்பெனிக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தானே.

சீதாராமனுக்குப் போன் போட்டார். "சார், அந்தப் பன்னெண்டு, அங்குலமா சார்?"

"ஆமா. வேற என்ன?"

"மாசம்னு நெனச்சு வாங்கிட்டேன் சார்."

விஷயம் முழுவதையும் கேட்டு முடித்ததும் சீதாராமன் குரலைத் தாழ்த்தினார். "ஹாதி, நான் சொல்றதைக் கேளுங்க. வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. அவர் கையெழுத்தைப் போடட்டும். சனிக்கிழமை நான் வந்து, மெயின்டனன்ஸ்னு சொல்லித் தூக்கி வச்சுடறேன். இப்ப சொன்னீங்கன்னா விருந்தும் போச்சு, உங்க படிவமும் போச்சு. குடும்பம் வர வேண்டாமா?"

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஹாதி அந்தப் பதினோராம் பக்கத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு நாள்தானே என்று ஒரு மனசு சொல்லும். அந்த ஒரு நாளில் விறகு இரண்டு மடங்கு, அடுப்புக்கு முன்னால் ஏழு பிள்ளைகள். செவ்வாய்க்கிழமை ரம்ஸியா போன் செய்தாள். டி.சி. வாங்கியாகிவிட்டது, ஹெட்மாஸ்டர் வாழ்த்துச் சொன்னார், மாஹிரா தோழிகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மாஹிராவே போனை வாங்கி, "அத்தா, அங்க எனக்குத் தனி ரூமா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். போனை வைத்தபின் கட்டிலில் உட்கார்ந்து பொத்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏழு பிள்ளைகளில் ஒன்றுக்கு மாஹிரா வயது இருக்கும் என்று நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

புதன்கிழமை காலையில் கேம்பில் உடையப்பனின் கட்டில் முன்னால் போய் நின்றார்.

"நானே தூக்கப் போறேன். எப்புடின்னு மட்டும் சொல்லித் தா."

"நீங்களா? ஆணி அடிப்பியளா?"

ஹாதி லேபர் கார்டை எடுத்து நீட்டினார். "நஜ்ஜார்."

உடையப்பன் சிரித்துவிட்டார். "அதுஞ்சரிதான். எங்கார்டுல குக்குன்னுதான் இருக்கு. சட்டப்படி கட்டையத் தொட வேண்டியவுக நீங்கதான். வாங்க, ஒரு பக்கம் தாங்கிப் புடிக்க குக்கு போதும்."

மலை வீட்டு வாட்ச்மேன், யார் நீங்கள், என்ன வேலை என்று கேட்டான். ஹாதி மறுபடியும் கார்டைக் காட்டினார். பதினான்கு வருஷத்தில் அந்தக் கார்டு உண்மை பேசிய முதல் நாள் அதுதான். உள்ளே போய் உடையப்பன் சொல்லச் சொல்ல ஏணியில் ஏறினார். உத்தரத்தை மேலிருந்து தாங்கிய இரும்புப் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார், சுத்தியலை விரலில் போட்டுக்கொண்டார், அல்லாவைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக உத்தரத்தை இறக்கித் தரையில் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மரம் கறுத்துப்போயிருந்தது. சும்மா சோதனைக்கு எரித்த நாலு துண்டு விறகு செய்த வேலை.

"பன்னெண்டு புத்தகத்துக்கு" என்றார் உடையப்பன், சுவரில் கோடு போட்டுக்கொண்டே. "மீனெண்ணெய்க்கு மேக்கொண்டு ஆறு. பதினெட்டுல வைப்போம்."

புதுத் துளையில் ஹாதி இரண்டாவது போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அர்பாப் வாசலில் நின்றிருந்தார். தகப்பனாரின் உத்தரம் தரையில் மல்லாந்து கிடந்தது. ஏணியில் ஆபீஸ் சட்டை போட்ட ஆள் சுத்தியலோடு தொங்கிக்கொண்டிருந்தார்.

"யார் சொல்லி இதைக் கழற்றினாய்?"

அந்த நேரத்தில் ஹாதியின் வாயில் தயாராக ஒரு பதில் இருந்தது. புது ரூல் வந்திருக்கிறது அர்பாப், மேலிடத்துக் காகிதம், நாளைக்குச் சீலோடு வரும். அப்படிச் சொன்னால் இந்த ஊரில் எந்த அர்பாபும் மறுபேச்சுப் பேச மாட்டார். பதினான்கு வருஷம் அவர் சோறு தின்றதே அந்த வாக்கியத்தால்தான். அவர் ஏணியை விட்டு இறங்கினார்.

"யாரும் சொல்லல அர்பாப். தப்பு என்னுது. அடுப்புக்கும் கட்டைக்கும் நடுவுல எடம் விடணும்னு சொன்னாங்க. நான் அதக் காயிதம்னு நெனச்சு வாங்கிட்டு வந்துட்டேன்."

தெரிந்த இந்தியிலும் அரபியிலும் சொன்னார். உத்தரத்தை இறக்கும்போது அலமாரியில் எடுத்து வைத்திருந்த சான்றிதழை அர்பாப் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார். புழு இல்லை, கரையான் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு குனிந்து உத்தரத்தின் கறுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கரி கையில் ஒட்டியது. அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு என் பேரப்பிள்ளைகள் இதற்கு முன்னால்தான் உட்காருவார்கள்" என்று மட்டும் சொன்னார். "யல்லா, வேலையை முடி." முடிகிறவரை மெத்தையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காவாக் கிண்ணத்தைத் தரையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விருந்து தடபுடலாக நடந்தது. அடுப்பு மத்தியானத்திலிருந்து எரிந்தது. அர்பாப் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உத்தரத்தின் அடியில் கை வைக்கச் சொன்னார். இளஞ்சூடுதான். வாடை இல்லை, வேர்வை இல்லை. பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து தீயைப் பார்த்தன. ஹாதி ஏழு வரை எண்ணினார். அந்தப் பதினான்கு வருஷத்தில் வேறெந்தக் கிளியரன்ஸும் அவருக்கு இவ்வளவு நிம்மதி தந்ததில்லை. அது உண்மை.

சாயங்காலம் தொழுகை முடிந்து பைல் வந்தது. அர்பாப் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது.

"இது என்ன? நீ குமாஸ்தாவாக மாற வேண்டுமா?"

"ஆமா அர்பாப்."

"ஏன்? எனக்குக் குமாஸ்தா நாற்பது பேர். எல்லாருக்கும் காகிதம் தெரியும். மரத்தைத் தொட்டுச் சூடு சொன்ன தச்சன் நீ ஒருத்தன்தான்."

"அர்பாப், நான் தச்சனே இல்ல."

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் அர்பாப். "கார்டு தச்சன் என்கிறது. நேற்று என் கண்ணால் பார்த்தேன். இன்னும் என்ன வேண்டும்?"

ஹாதி தட்டுத்தடுமாறிக் குடும்ப விசாவைச் சொன்னார், மகளைச் சொன்னார், டி.சி.யைச் சொல்ல அரபியில் வார்த்தை கிடைக்காமல் விட்டுவிட்டார். அர்பாபின் முகம் இளகியது. கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர்.

"கையெழுத்துப் போடுகிறேன். வல்லாஹி, அல்லா மேல் ஆணை, போடுகிறேன். ஆனால் இந்த அடுப்பை மாதத்துக்கு ஒரு தடவை நீதான் வந்து பார்க்க வேண்டும். வேறு யாரையும் நம்ப மாட்டேன். கார்டில் உள்ள வேலையைத்தானே செய்ய வேண்டும், அதுதானே சட்டம்? குமாஸ்தா ஏணியில் ஏறினால் இன்ஸ்பெக்டர் பிடிக்க மாட்டானா? நீயே சொல்."

"அதான் சட்டம் அர்பாப்" என்றார் ஹாதி. எத்தனை பேருக்கு அவரே அதைச் சொல்லியிருக்கிறார்.

அர்பாப் எக்கி உத்தரத்தின் மேலிருந்த சான்றிதழை எடுத்தார். அது அங்கேயே இருக்கட்டும் என்று அவர்தான் வைக்கச் சொல்லியிருந்தார். தேதியில் விரலை வைத்தார். "இந்தக் கட்டைக்குப் பொறுப்பு இத்தனை நாள் என்று நீயே வாங்கி வந்த காகிதம். இது முடிகிற நாளில் வா, உன் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை நீ என் தச்சன். ஒரு வருஷம் என்ன பெரிய விஷயம்? கலாஸ், பேச்சு முடிந்தது."

அன்புடன் தோளைத் தட்டிக் கொடுத்தார். பைலை மூடினார்.

வெளியே மலைக் காற்று குளிர்ந்தது. பிக்கப் பக்கத்தில் நின்று ஹாதி போனை எடுத்தார். முதல் மணியிலேயே ரம்ஸியா எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள்.

"கையெழுத்துப் போட்டுட்டாரா மச்சான்?"

"போடுறேன்னு வல்லாஹி சொல்லியிருக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ். இன்னும் எம்புட்டு நாளாகும்?"

"பன்னெண்டு" என்றார் ஹாதி.

"பன்னெண்டு நாளா? அப்ப டி.சி. வாங்குனது சரியாப் போச்சு." அவள் அந்தப் பக்கம் திரும்பி மாஹிராவுக்குச் சொல்வது கேட்டது. குழந்தை குதிக்கிற சத்தமும் கேட்டது.

ஹாதி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ஷார்ஜாக் கவுண்டரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தான் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. ஆறு போதும் என்று லுக்மான் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார்.

"மாசம் ரம்ஸியா" என்றார். "பன்னெண்டு மாசம்."